நிழல் கெடுத்த கரண்டு

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். சோலார் தகடு வைத்த வீட்டில் நிழலின் கொடுமையும் வெயிலில்தான் தெரியும்!

நண்பர்களே, எங்கள் மாடியில் எட்டுத் தகடுகள் உள்ளன. மாலை 3 மணிக்கு மேல் மேற்கு ஓரத்து இரண்டு தகடுகளில் வேப்பமர நிழல் விழும். மீதி ஆறும் நல்ல வெயிலில் இருந்தும் பாதி கரண்டுகூட வரவில்லை. "மரத்த வெட்டிட வேண்டியதுதான்" என்றார் அப்பா. "உங்கப்பா வச்ச மரம்டா" என்று சொல்லிவிட்டு, பாட்டி சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

இயற்பியல் சாரிடம் கேட்டேன். "பத்தாவதுல தொடர் இணைப்பு படிச்சியே, அதுதான்" என்றார்.

ஒரு சோலார் செல் தருவது சுமார் 0.5 வோல்ட்தான். அதனால் 60, 72 என்று செல்களைத் தொடராகக் கோர்க்கிறார்கள். தொடர் இணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தானே? நிழலில் இருக்கும் செல் மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கும், தானும் சூடாகும். இதைத் தடுக்கத் தகட்டின் பின்னால் வழக்கமாக 3 பைபாஸ் டயோடுகள் இருக்கும். தெருவை அடைத்தால் பஸ் சுற்றிப் போகுமே, அதுபோல மின்னோட்டம் டயோடு வழியே போய்விடும்.

பிறகு ஏன் கரண்டு குறைகிறது? விஷயம் இன்வெர்ட்டரில் இருக்கிறது. அது வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அதிகத் திறன் கிடைக்கும் உச்சியைத் தேடும். முழு வெயிலில் திறன் வரைபடம் ஒரே மலை. நிழல் விழுந்தால் பல குன்றுகள்! சாதாரணத் தேடல் சின்னக் குன்றில் ஏறி, "இதுதான் உச்சி" என்று நின்றுவிடும். நல்ல இன்வெர்ட்டர் அவ்வப்போது முழு வரைபடத்தையும் அலசிப் பார்க்கும். பறவைக் கூட்டம் நகர்வதைப் பின்பற்றி 1995-ல் கென்னடி, எபர்ஹார்ட் இருவரும் வெளியிட்ட கணக்குமுறையைக்கூட இந்தத் தேடலுக்குப் பயன்படுத்துகிறார்கள். தேடும்போது திறன் ஏறி இறங்கும். அதைக் கெப்பாசிட்டர் தாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே போகும் 50 ஹெர்ட்ஸ் அலை நெளியாமல் சீராக இருக்க வேண்டும். கரண்டு வந்தால் மட்டும் போதாது, தரமாகவும் வரணும்.

அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பார்த்தார். "இதுல ரெண்டு இன்புட் இருக்கு. எட்டையும் ஒண்ணுலயே மாட்டி வச்சிருக்காங்களே!" என்றார். கிழக்கு நான்கையும் மேற்கு நான்கையும் தனித்தனியாகப் பிரித்து மாட்டினார். நிழல் தேடல் வசதியையும் ஆன் செய்தார். இப்போது மாலையில் கிழக்குத் தகடுகள் குறையில்லாமல் தருகின்றன. மேற்கில் மட்டும் கொஞ்சம் குறைகிறது. மரத்தில் இரண்டு கிளைகளை மட்டும் கழித்தோம்.

உங்கள் வீட்டிலும் சோலார் வைக்கப் போகிறார்களா? முதலில் ஒருநாள் முழுக்க மாடியில் நிழல் எங்கே, எத்தனை மணிக்கு விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் எத்தனை இன்புட் என்று கேளுங்கள். அரிவாளை அப்புறம் எடுக்கலாம்!

– பிளஸ் ஒன் மாணவன்