தோளுக்குப் பின்னால் ஒரு சுமைதாங்கி

பெரியம்மா நிற்கிற படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை. ஒரு மூலையைக் கறையான் ருசி பார்த்திருக்கிறது. பட்டுச்சேலை, கையில் கைப்பை, எங்கேயோ கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட கோலம். அவவின் வலது தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று தெரியும். எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற சுமைதாங்கி அது. அரைவாசிதான் படத்தில் விழுந்திருக்கிறது. மற்ற அரைவாசியைப் பெரியம்மா மறைத்துக்கொண்டு நிற்கிறா.

1970களின் நடுவில் மாமாவின் அக்பா கமராவால் எடுத்தது. அந்தக் காலத்தில் ஆர் கல்லையும் சுவரையும் படம் பிடித்தார்கள்? ஒரு சுருளில் 12 படம். கலியாணத்துக்கு 5, கோயில் தேருக்கு 3, மிச்சம் குழந்தைப் பிள்ளைகளுக்கு என்று மாமா விரல் மடித்துக் கணக்குப் பார்த்துத்தான் கமராவைத் தோல் உறையிலிருந்து எடுப்பார். "வெயில் என்ரை முதுகுக்குப் பின்னாலை இருக்கவேணும்" என்பார். அதனால் எங்கள் அல்பத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்கிறோம். உங்கள் வீட்டு அல்பத்திலும் அப்படித்தான் இருக்கும்.

அந்தச் சுமைதாங்கி உங்களுக்கு ஞாபகம் இருக்கவேணும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது புத்தகங்களை அதில் போட்டுவிட்டு எத்தனை நாள் வேலிக்கு மேலாகப் புளியங்காய் அடித்திருக்கிறோம். கடற்கரைப் பக்கமிருந்து வரும் மீன்காரி காலை எட்டு மணிக்குக் கடகத்தை அதன்மேல் இறக்குவா. சும்மாட்டைக் கழற்றி உதறுவா. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, விரலில் மிஞ்சியதைக் கல்லிலேயே ஒரு இழுப்பு இழுப்பா. மீன் வெடுக்கும் புகையிலை மணமும் கலந்த அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். பிள்ளை வயிற்றோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகக் கட்டுகிறது சுமைதாங்கி என்று ஆச்சி சொல்லுவா. இறக்க முடியாமல் போன சுமை அவளுடையது, அதனால் வழியால் போகிறவர்கள் தங்கள் சுமையை அதில் இறக்கவேணும். எங்களுக்கு அந்தக் கதை ராத்திரியில்தான் ஞாபகம் வரும். அப்போது அதைத் தாண்டி ஓடுவோம்.

இப்போது எனக்கு 65 வயதாகிறது. எந்த ஊருக்குப் போனாலும் கமராவோடு பழைய கட்டடங்களைத் தேடி அலைகிற பழக்கம் தொற்றிக்கொண்டது. ஆட்களை எடுப்பதில்லை. தூண், நிலை, கதவுக் குமிழ், சாந்து கொட்டுண்ட சுவர். "போன இடத்திலை சொந்தக்காரரைப் பார்க்காமல் உக்கின கதவைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்" என்று மனிசி எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பா. சரிதான். ஆனால் உக்கின கதவுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்க்கவேணும். ஒவ்வொரு உளித் தடத்துக்கும் ஒரு நிழல் வரும். மத்தியான வெயிலில் அதே கதவு வெறும் பலகை. மாமாவின் சட்டம் ஆட்களுக்குச் சரி, சுவருக்குச் சரிவராது.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அதிக நேரம் நிற்கவில்லை. ஒல்லாந்தர் 1706ல் கட்டிய தேவாலயம் உள்ளே இருந்தது, யுத்தத்தில் போய்விட்டது. திருத்திய மதில் என் கண்ணுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுத்தமாக இருக்கிறது. முத்திரைச் சந்தியடியில் மந்திரி மனை. முகப்பின் மரச் சித்திர வேலையைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். உள்ளே போனால், வந்து போன காதலர்கள் எல்லோரும் சுவரில் பெயர் கீறி வைத்திருக்கிறார்கள். அதையும் எடுத்தேன். அதுவும் ஒரு காலத்தில் பழசாகிவிடும்தானே.

பிறகு 750 பஸ். நெல்லியடி தாண்டியதும் யன்னலால் வருகிற காற்றில் உப்பு ஏறும். பருத்தித்துறையில் இறங்கி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய தட்டை வடை இரண்டை வாங்கிக்கொண்டு, தும்பளை றோட்டில் தெருமூடி மடத்துக்கு நடந்தேன். பெயரிலேயே கட்டடம் இருக்கிறது: தெருவுக்கு மேலே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை, நடுவால் றோட்டு. வழிப்போக்கருக்காகத் தெருவையே வீடாக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டினவருக்கு ஒரு கும்பிடு.

திண்ணையில் இருந்து வடையைக் கடித்துக்கொண்டு தூணைப் பார்த்தேன். இருந்தபடி முதுகு சாய்கிற உயரத்தில் கல் வழுவழுவென்று மினுங்குகிறது. அதற்கு மேலும் கீழும் சொரசொரப்பு. எத்தனை முதுகு! விரல் எட்டுகிற இடத்தில் வெள்ளைக் கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. வெற்றிலைக்காரர்கள் துடைத்த சுண்ணாம்பு. எங்கள் மீன்காரியின் இழுப்பைப் போலவே, கீழ் நோக்கிச் சரிந்த கோடு. கமராவை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்திருப்பேன். மாமாவின் ஒரு முழுச் சுருள்.

அங்கிருந்து எங்கள் ஊர்ப் பக்கம் ஓட்டோவில் போனேன். மலாயா றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்ஷனோடு வந்தவரின் நாற்சார் வீடு ஒன்று இருந்ததே, முகப்பில் லட்சுமியும் இரண்டு சிங்கமும் வைத்து? மழை பெய்தால் நாலு பக்கத்துப் பீலியாலும் முற்றத்துக்குத் தண்ணீர் கொட்டும், நாங்கள் கடதாசிக் கப்பல் விடுவோம். நெல் அவிக்கிற மணம் கோடிப்பக்கத்திலிருந்து தலைவாசல் வரை வரும். படலைக்கு மேலே சின்னக் கூரை போட்ட சங்கடப்படலை, அதற்குள் மழைக்கு ஒதுங்கி நின்றால் உள்ளேயிருந்து ஆராவது "உள்ளுக்கு வா பிள்ளை" என்பார்கள்.

இப்போது படலை இல்லை. வீட்டுக்காரர் எல்லோரும் வெளிநாட்டில். நிலை நின்ற இடத்தில் சதுரமாக ஆகாயம் தெரிகிறது. சாந்து கொட்டுண்ட இடத்தில் முருகைக்கல் தெரிந்தது, உள்ளே பூப்பூவாகப் பழைய கடல். முற்றத்தில் உடைந்த ஓடுகள். ஒன்றைப் புரட்டினேன். மங்களூரில் 1865ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பேசல் மிஷனின் பெயர் அடியில் பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியின் காலடி. ஈரக் களிமண்ணாகக் காயப்போட்டிருந்தபோது ஓடியிருக்கும். கடல் தாண்டி வந்து, அத்தனை வருடம் யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரையில் தலைகீழாக ஓடிக்கொண்டிருந்த கால்.

"காணி வாங்கவோ தம்பி வந்தனீர்?"

பக்கத்து வேலிக்கு மேலாக ஒரு ஆச்சி. இல்லை, படம் எடுக்க என்றேன். அவ நம்பவில்லை.

"ஓடெல்லாம் வித்தாச்சு. நிலையும் கதவும் கொழும்புக்குப் போட்டுது, ஹோட்டலுக்காம். இனி என்னத்தைப் படம் எடுக்கப்போறீர்?"

சுவரை என்றேன். உள்ளே போய்ப் பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து தந்தா. நான் ரீயை உறிஞ்ச, அவ பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வந்து, தலைமயிரைக் கையால் கோதி முடிந்துகொண்டா.

"ஆளில்லாத வீட்டை எடுத்தால் வடிவாயிராது. நில்லும், நான் வாசலிலை இருக்கிறன்."

இருந்தா. சீமெந்துப் படியில், பின்னால் அந்த ஆகாயச் சதுரம். கனகாலத்துக்குப் பிறகு நான் ஒரு ஆளைப் படம் எடுத்தேன். முகத்தில் நேர் வெயில். கண்ணைச் சுருக்கினா.

திரும்பும்போது எங்கள் ஒழுங்கை முகப்பில் ஓட்டோவை நிற்பாட்டச் சொன்னேன். அங்கே சுமைதாங்கி இல்லை. றோட்டை அகலித்தபோது இடித்துவிட்டார்களாம். கார்ப்பெற் றோட்டின் கரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறது, ஒரு டெலிபோன் கம்பம் நிற்கிறது. "இஞ்சை என்ன ஐயா இருந்தது?" என்று ஓட்டோக்காரப் பொடியன் கேட்டான். சொன்னேன். அந்தச் சொல்லை அவன் சினிமாப் பாட்டில் கேட்டிருக்கிறானாம்.

அல்பத்தில் பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால் இருக்கும் அரைவாசிதான் இப்போது மிச்சம். அந்த ஒழுங்கையால் நடந்தவர்கள் நீங்கள். உங்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் சாமத்தியவீட்டுக்கும் அதே இடத்தில் ஆரையாவது நிற்பாட்டிப் படம் பிடித்திருப்பார்கள். லாச்சியிலோ சூட்கேசின் அடியிலோ அது கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். எனக்கு இடது பக்கம் வேணும்.