கால் மாத்திரை

எங்கள் பூனைக்கு வயதாகிவிட்டது. சிறுநீரகம் தளர்ந்து, ரத்த அழுத்தமும் கூடியிருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தது அம்லோடிபின். மனிதர்களுக்கான மாத்திரைதான்; பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. பூனைக்கு வேண்டியது 0.625 மில்லிகிராம். கடையில் கிடைப்பதோ 2.5. நாலாக வெட்டினால் ஒரு துண்டு பெரிதாகிறது, இன்னொன்று பொடியாக உதிர்கிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கென்றே மருந்தகங்கள் உண்டு. கால்நடை மருத்துவர் சீட்டு எழுதினால், அந்த விலங்கின் எடைக்கேற்ற அளவில், மீன் சுவையிலோ கோழி சுவையிலோ மருந்து கலந்து தருவார்கள். பூனைகளைக் கொல்லும் எஃப்.ஐ.பி. நோய்க்கான ஜிஎஸ்-441524 மருந்து முதலில் கள்ளச்சந்தையில்தான் கிடைத்தது. 2021இல் பிரிட்டனிலும், 2024இல் அமெரிக்காவிலும் இத்தகைய மருந்தகங்கள் வழியாகத்தான் அது மருத்துவர்களின் கைக்கு முறையாக வந்தது.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலும் ஒரு காலத்தில் கம்பவுண்டர் மிக்சர் கலந்து, வேளைக்கு இவ்வளவு என்று பாட்டிலில் காகிதக் குறி ஒட்டிக் கொடுப்பார். அந்தக் கைத்திறன் செல்லப்பிராணிகளுக்காகத் திரும்ப வரவேண்டும். ஹெப்பால் கால்நடைக் கல்லூரி இருக்கும் பெங்களூரிலேயே அதைத் தொடங்கலாம்.

அதுவரை, வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலிருக்கும் மருந்தை அளவு குறைத்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் பூனையின் உயிரையே எடுத்துவிடும். சர்க்கரை சேர்க்காத சிரப்பில் ஸைலிட்டால் இருந்தால் நாய்க்கு ஆபத்து. எந்த மருந்தானாலும், எத்தனை சின்ன அளவானாலும், கால்நடை மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுங்கள்.