பறக்காத கதை



டெக்சாஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஆவடி திரும்பிப் பத்து நாளாகிறது. "டீச்சர், குட்டி விமானத்துல பறந்த போட்டோ எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போட்டோ இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் அங்கே இருக்கிறான். பெயர் வேண்டாம், கூச்சப்படுவான். மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவான். "விமானமா உனக்குச் சோறு போடும்?" என்று ஸ்கேலால் அடித்திருக்கிறேன்.

இப்போது அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு விமானம் வைத்திருக்கிறார்கள். பெரிதாக நினைக்காதீர்கள். 1970களில் செய்தது. ஒரே எஞ்சின், 100 குதிரைத்திறன், இரண்டே இருக்கை. நம் எச்.ஏ.எல். 1958இல் பறக்கவிட்ட புஷ்பக் மாதிரி. அங்கே ஒரு புதுக் கார் விலைக்குக் கிடைக்குமாம்.

"வாங்குறது சுலபம் டீச்சர், வச்சுக் காப்பாத்துறதுதான் செலவு" என்றான். மணிக்குச் சுமார் 22 லிட்டர் பெட்ரோல், நிறுத்தும் இடத்துக்கு வாடகை, இன்ஷூரன்ஸ். வருடம் ஒருமுறை மெக்கானிக் முழுக்கச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நால்வரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

ஏறுவதற்கு முன் தயங்கித் தயங்கி என் எடையைக் கேட்டான். நான் 76, அவன் 92. டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் எடை மிஞ்சுமாம். குறைத்துப் போட்டுக் கணக்குப் பார்த்தான். கணக்கில் 35 வாங்கியவன்! பெட்ரோலைச் சின்னக் குழாயில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். அளவு காட்டும் முள்ளை நம்பாமல், டேங்குக்குள் குச்சி விட்டு அளந்தான்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று. ஓடுபாதைக்குப் பக்கத்தில் நிறுத்தி எஞ்சினை முடுக்கினான். தீப்பொறி தருவதற்கு இரண்டு மேக்னெட்டோ உண்டு. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 150க்கு மேல் குறையக் கூடாது. ஒன்றில் அதற்கும் மேல் குறைந்து, விமானமே குலுங்கியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி பார்த்தான். அப்படியேதான்.

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். "இன்னொண்ணு நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றேன் ஆசையில்.

"இருக்கு டீச்சர். ஆனா போக மாட்டேன். நான் தனியா வந்திருந்தாலும் போக மாட்டேன்."

திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். முகம் வாடிப்போயிருந்தது. மூன்று முறை சாரி சொன்னான்.

எனக்கு வருத்தமே இல்லை. "சரிபார்த்துவிட்டுத் தாளைக் கொடு" என்று 34 வருடம் உங்களிடம் கத்தினேன். சரிபார்ப்பது சுலபம். தப்பு தெரிந்த பிறகு, பக்கத்தில் டீச்சரே ஆசையோடு உட்கார்ந்திருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்வதுதான் கஷ்டம். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பழைய விமானம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

"அன்னிக்கு அடிச்சதுக்கு மன்னிச்சுக்கப்பா" என்றேன்.

"எந்த அடி டீச்சர்? நிறைய இருக்கே!" என்றான்.

டேய், இதைப் படிப்பாய் என்று தெரியும். மேக்னெட்டோவைச் சரிசெய்து வை. அடுத்த முறை எடையைக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.