அடிக்குறிப்பையும் ஏற்றுங்கள்

சென்னை மாகாணத்தில் 1871 முதல் 1931 வரை ஏழு முறை குடிக்கணக்கு எடுத்து, தடித்தடியான புத்தகங்களாக அச்சிட்டார்கள். அவற்றிலுள்ள அட்டவணைகளைக் கணினிக்கு மாற்றுவது என் வேலை.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எங்க தாத்தா பேரு அதுல இருக்குமா சார்?" என்பதுதான். இருக்காது. அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்து வீட்டுப் படிவங்களையே திறந்துவிடுகிறார்கள்; 1950ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. இங்கே நம் கையில் இருப்பவை அச்சான கூட்டுத்தொகைகள் மட்டுமே. தாத்தாவின் பெயர் கிடைக்காது; அவருடைய ஜில்லாவில் எத்தனை பேர் எந்தத் தொழிலில் பிழைத்தார்கள், எத்தனை பேருக்கு எழுத்து தெரியும் என்பதெல்லாம் கிடைக்கும்.

பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால் எண்களைத் தந்துவிடும். ஆனால் மங்கிய அச்சில் 3ஐ 8 என்றும் 1ஐ 7 என்றும் படிக்கும். 'யாரும் இல்லை' என்பதற்காக அச்சுக்கோப்பவர் வைத்த புள்ளிகளைத் தசமப் புள்ளியாக்கிவிடும். ஆகவே கூட்டிப் பார்ப்பதுதான் எங்கள் தொழிலின் உயிர். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மொத்தம் வர வேண்டும். தாலுகாக்கள் சேர்ந்தால் ஜில்லா வர வேண்டும். வராவிட்டால், எவ்வளவு இடிக்கிறது என்பதே துப்பு கொடுக்கும். 5, 50, 500 என்று இடித்தால் எங்கோ 3, 8 ஆகியிருக்கிறது. 6, 60, 600 என்றால் 1க்கும் 7க்கும் குழப்பம். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். பழைய கணக்கப்பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தைதான் இது.

சில இடங்களில் அச்சுப் பிரதியிலேயே கூட்டல் தப்பாக இருக்கும். அப்போது கை துறுதுறுக்கும். திருத்தக் கூடாது. அச்சில் உள்ளதை அப்படியே ஒரு பத்தியில் வைத்து, நமக்குச் சரியென்று படுவதை அடுத்த பத்தியில் எழுதி, காரணத்தையும் சேர்க்க வேண்டும். எது ஆவணம், எது நம் ஊகம் என்று படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

எண் சரியாக ஏறிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. 1901இல் 28 லட்சம் பேருக்கு மேல் இருந்த மதுரை ஜில்லா, 1911இல் சட்டென்று சுருங்கிவிடும். பஞ்சமோ கொள்ளைநோயோ காரணமில்லை. 1910இல் ராமநாதபுரம் தனி ஜில்லாவானபோது மதுரையின் ஒரு பகுதி அதோடு போய்விட்டது. அதே ஆண்டு கரூர் தாலுகா கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. எல்லை மாறிய செய்தி இல்லாமல் இந்த எண்களை ஒரு கோட்டில் வரைந்தால், நடக்காத சோகத்துக்கு வரலாறு எழுதுவோம். மாறாக, 1871ஐவிட 1881இல் மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்தது உண்மையான சோகம்: 1876–78 பெரும்பஞ்சத்தின் சுவடு.

எழுத்தறிவுக் கணக்கும் இப்படித்தான். 1881இலும் 1891இலும் படித்துக்கொண்டிருப்பவர், படித்தவர், படிக்காதவர் என்று மூன்று வகை. 1901இல் அது இரண்டாகிவிட்டது. 1911இல், நண்பருக்குக் கடிதம் எழுதி, வரும் பதிலையும் படிக்கத் தெரிந்தவரே எழுத்தறிந்தவர் என்று அளவுகோலைத் தெளிவாக்கினார்கள். மூன்று அளவுகோல்களில் வந்த எண்களை ஒரே தலைப்பின் கீழ் கொட்டுவது அரிசியையும் நெல்லையும் ஒரே படியில் அளப்பதற்குச் சமம்.

இந்த விளக்கங்கள் பெரும்பாலும் அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில், அல்லது அறிக்கையின் முன்பகுதியில் இருக்கும். அவசரத்தில் விட்டுப்போவதும் அவைதான்.

பழைய குடிக்கணக்கை வெளியிட நினைக்கும் நூலகங்களையும் இளைஞர்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். பக்கப் படம், எண் கோப்பு, அடிக்குறிப்பு மூன்றையும் சேர்த்து, கட்டணமின்றி, யாரும் எடுத்துக் கையாளும்படி போடுங்கள். நாம் விட்ட பிழையை இன்னொருவர் கண்டுபிடிக்க அது ஒன்றே வழி. அடிக்குறிப்பைச் சேர்க்க நேரமில்லை என்றால், அந்த அட்டவணையை நேரம் வரும்வரை வெளியிடாதீர்கள்.