மாப்பிள்ளை வீட்டுப் புகைபோக்கி

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் இருபத்தாறு வருடம் கொதிகலன் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். புகைபோக்கியைப் பற்றி எனக்கு யாராவது பாடம் எடுத்தால் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு போன செப்டம்பரில் அடங்கிய கதை இது.

மகள் வீடு மினசோட்டாவில், மினியாபொலிஸுக்கு வெளியே இருக்கிறது. வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கட்டியது 1986இல். கூடத்துச் சுவரில் விறகு எரிக்கும் கணப்பு ஒன்று பதித்திருக்கிறார்கள். பார்வைக்குக் கல் கட்டுமானம். உண்மையில் உள்ளே இருப்பது தகரப் பெட்டி, முகப்பில்தான் கல். பெட்டியின் தலையிலிருந்து கிளம்பும் இரும்புக் குழாய், வெளிச்சுவரை ஒட்டி மரச்சட்டத்தில் அடித்த ஒரு கூண்டுக்குள் ஏறிக் கூரைக்கு மேலே தலை நீட்டுகிறது. மாடியில் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பேத்தியின் கட்டில்.

பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து, பின்பக்கப் பலகை பிளந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். பார்க்க வந்த முதல் ஆள், "பெட்டியை மட்டும் மாற்றலாம். பழைய குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் ஓர் இணைப்பு வளையம் போட்டால் போதும்" என்றார். கிட்டத்தட்ட 2,000 டாலர் மிச்சம். நான் குழாயை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தேன். கணீரென்று சத்தம். "தாராளமா விட்டுடலாம் மாப்பிள்ளை. குழாய்ங்கிறது குழாய்தானே? புகை மேல போகணும், அவ்வளவுதான்" என்றேன்.

மாப்பிள்ளை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை. "சரிங்க மாமா, எதுக்கும் இன்னொருத்தரைக் கேட்டுடுவோம்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாவதாக வந்த பெண்மணி, புகைபோக்கி சுத்தம் செய்வதற்கென்றே தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். முதல் வேலையாக, டார்ச் அடித்துப் பெட்டிக்குள் ஒட்டியிருந்த உலோகச் சீட்டைப் படித்தார். எந்தப் பெட்டிக்கு எந்தக் குழாய் என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது! இந்த மாதிரித் தொழிற்சாலைப் பெட்டியையும் அதன் குழாயையும் ஒன்றாக வைத்துத்தான் சோதனை செய்து சான்று தருகிறார்களாம். ஒரு கம்பெனி பெட்டிக்கு இன்னொரு கம்பெனி குழாயை, அளவு சரியாகப் பொருந்தினாலும், மாட்டக் கூடாது. மாட்டினால் அந்தச் சான்று செல்லாது. முழுக்கச் செங்கல்லில் எழுப்பிய பழைய புகைபோக்கி என்றால் கதை வேறு, உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை.

பிறகு குழாய்க்குள் கேமரா விட்டார். மேலிருந்து மூன்றாவது இணைப்பு வாய் பிளந்திருந்தது. கூரையில் ஏறி மூடியைக் கழற்றி, கூண்டுக்குள் போன் வெளிச்சம் காட்டிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். குழாயை ஒட்டியிருந்த மரச்சட்டம் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்து, முதலைத் தோல் போல வெடித்திருந்தது. ஓயாத சூட்டில் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியாகும், அப்படி ஆன மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தச் சட்டம் இருந்தது மாடி உயரத்தில். மகள் படத்தைப் பார்த்தாள், பிறகு மாடியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் என் தப்பு எங்கே என்று புரிந்தது. மேட்டூரில் புகையை இழுக்க ராட்சத மின்விசிறிகள் உண்டு. வீட்டில் எந்த விசிறியும் கிடையாது. குழாய்க்குள் இருக்கும் சூடுதான் புகையை இழுக்க வேண்டும். குழாய் குளிர்ந்தால் புகை சோம்பும். சோம்பிய புகை குழாயின் உள்சுவரில் தார் மாதிரிப் படியும், கிரியோசோட் என்கிறார்கள். அது ஒரு நாள் பற்றிக்கொண்டால் குழாய் முழுக்க நெருப்பு.

அதனால் புதுக் குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்தேன். இரண்டு ரகம் காட்டினார். ஒன்றில் அடுக்குச் சுவர்களுக்கு நடுவே காற்று ஓடிக் குழாயைக் குளிர்விக்கும், விலை குறைவு. இன்னொன்றில் சுவர்களுக்கு நடுவே வெப்பம் கடத்தாத பஞ்சு அடைத்திருக்கும், உள்சூடு வெளியே போகாது. வெளிச்சுவர்க் கூண்டு, ஜனவரியில் மைனஸ் 25 டிகிரி. இரண்டாவதுதான் சரி என்றார். அதை ஏற்கிற பெட்டியாகப் பார்த்துத்தான் பெட்டியையே தேர்ந்தெடுத்தோம். நாங்கள் பெட்டியின் அழகைப் பார்த்துவிட்டுக் குழாய்க்கு வருவதாக இருந்தோம், அவர் தலைகீழாக்கிவிட்டார். அந்தப் பெட்டியின் புத்தகம் கேட்டது 'எச்.டி.' முத்திரை உள்ள குழாய். 2,100 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் சுமார் 1,150 டிகிரி சூட்டை, பத்து நிமிடம் தாங்குகிறதா என்று பார்த்து அந்த முத்திரையைக் கொடுக்கிறார்கள்.

கரிந்த சட்டங்களை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரம் வைத்தார்கள். குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அங்குலம் காலி இடம். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டுமே என்று யாரும் அதில் பஞ்சைத் திணித்துவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். உயரத்துக்கும் கணக்கு உண்டு. கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து 3 அடியாவது எழ வேண்டும், 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி கூடுதலாக இருக்க வேண்டும். பழைய குழாய் கூரை முகட்டைவிடத் தாழ்ந்து கிடந்தது. காற்றடித்த நாளெல்லாம் கூடத்தில் புகை வாசம் வந்ததற்கு மகள் ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறாள்.

செலவு முதல் ஆள் சொன்னதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாப்பிள்ளை முகம் சுளிக்கவில்லை. என் யோசனையை யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை, என் மனைவியைத் தவிர. "குழாய்ங்கிறது குழாய்தானே?" என்று அவள் இன்றைக்கும் சேலத்து வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகும்போதெல்லாம் கேட்கிறாள்.

புதுக் கணப்பின் புத்தகத்தையும், குழாயின் எண் உள்ள சீட்டையும், பழைய சட்டத்தின் படத்தையும் மாப்பிள்ளை ஒரே உறையில் போட்டு மின்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வருடா வருடம் வந்து பார்க்கிறவருக்கும், என்றைக்காவது வீட்டை விற்றால் வாங்குகிறவருக்கும் வேண்டுமாம். எங்களுக்கு விற்றவர்கள் அப்படி ஓர் உறை வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.