விரல் இல்லாத வாக்காளர்

நெல்லைச் சீமையில் பிறந்த நமக்குக் 'கம்பெனி' என்றதும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1906-ல் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பலர் போட்ட பணம் சேர்ந்து கப்பல் வாங்கியது. 1908-ல் வ.உ.சி.யைச் சிறையில் தள்ளினார்கள். கம்பெனிக்கு விலங்கு மாட்ட முடியுமா? தலைவர் உள்ளே இருக்க, அது 1911 வரை தத்தளித்தபடி உயிரோடு இருந்தது.

காரணம், சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி 'நபர்'. தன் பெயரில் சொத்து வாங்கும், கடன் படும், கோர்ட்டுக்குப் போகும். நம் தொழில் மேலாண்மைப் பாடத்தில் இது இரண்டு மார்க் கேள்வி!

இந்த ஏற்பாட்டில் தப்பில்லை. அந்த 'நபர்' தேர்தலுக்குள் நுழையும்போதுதான் வில்லங்கம். கட்சிகளுக்குக் கம்பெனிகள் நன்கொடை தருவதை 1969-ல் தடை செய்தார்கள். 1985-ல் கதவு மறுபடி திறந்தது: சராசரி லாபத்தில் 5 சதவீதம் வரை. 2013-ல் அது 7.5 ஆயிற்று. 2017-ல் வரம்பே போயிற்று. 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் யார் என்று ஊருக்குத் தெரியாது!

ஜங்ஷன் டீக்கடை அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "சோழியன் குடுமி சும்மா ஆடுமா தம்பி? நட்டத்துல ஓடுத கம்பெனியும் கோடி கோடியா குடுக்கலாமாம்லா! எனக்கு நட்டம்னா பால்காரன்ட்டயே கடன் சொல்லுதேன்" என்றார்.

15.2.2024 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் பத்திரத் திட்டத்தையும், வரம்பை நீக்கிய திருத்தத்தையும் ரத்து செய்தார்கள். பட்டியல் வெளியே வந்தது. முதலிடத்தில், 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய கோவை லாட்டரி கம்பெனி. தமிழ்நாட்டில் லாட்டரிக்கோ 2003 முதல் தடை! அன்று டெல்லியில் ஆட்சியில் இருந்த கட்சி, சென்னையில் ஆட்சியில் இருந்த கட்சி, இரண்டுமே பத்திரத்தில் பணம் பெற்றவைதான். அமெரிக்காவிலோ, தேர்தல் பிரச்சாரத்துக்குக் கம்பெனிகள் கணக்கில்லாமல் செலவழிப்பது பேச்சுரிமை என்று 2010-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2024 ஏப்ரல் 19 அன்று பாளையங்கோட்டையில் என் முதல் ஓட்டைப் போட்டேன். எனக்கு ஒரு விரல், ஒரு சொட்டு மை. கம்பெனிக்கு விரலும் கிடையாது, மையும் கிடையாது. ஆனால் வேட்பாளர் நம் தெருவுக்கு வருமுன்னே அது பேசி முடித்துவிடுகிறது.

நாளை நாமும் கங்கைகொண்டான் சிப்காட்டிலோ, ஓசூரிலோ ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேரத்தான் போகிறோம். அது கட்சிக்குக் கொடுக்கும் பணத்தில் நம் வியர்வையும் இருக்கும். ஆனால் எந்தக் கட்சிக்கு என்று நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. வரம்புக்குள் நன்கொடை தர இன்றும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே தோழர்களே, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ரோடு, தண்ணீர் பற்றிக் கேட்பதோடு இன்னொன்றும் கேட்போம்: "உங்க கட்சிக்கு யார் யார், எவ்வளவு குடுத்தாங்க?"