81 தெற்கு, 77 வடக்கு

2025 ஏப்ரலில் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். அமெரிக்காவில், ஹார்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில். அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு ஆர்.வி. வாங்கியிருந்தார். அக்கா அதை வீட்டு வண்டி என்பாள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. 28 அடி நீளம், பதினொன்றரை அடி உயரம். அதில் ஃப்ளோரிடா வரை போவதென்று முடிவாயிற்று. வழி பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. விமர்சனம் எழுதுகிறவனுக்கு வரைபடம் படிக்க என்ன கஷ்டம் என்று அத்தான் சொன்னது கேலியா, நம்பிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நேர் வழி 95-ஆம் எண் சாலை. அட்லாண்டிக் கரையோரமாக மேய்னிலிருந்து மயாமி வரை போகிறது. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன் என்று பெருநகரங்களையெல்லாம் வரிசையாகக் கோத்துக்கொண்டு போவதுதான் அதன் சங்கடம். காரில் போகிறவனுக்கு நெரிசல் என்பது தாமதம். 28 அடி வண்டிக்காரனுக்கு அது பயம். தடம் மாற முடியாது, பின்னால் வருவது முழுக்கத் தெரியாது, தவறான திருப்பத்தில் நுழைந்துவிட்டால் வெளியே வரவும் முடியாது. கைபேசி வேறு நம்மைச் சாதாரணக் கார் என்றே எண்ணிக்கொண்டு மெரிட் பார்க்வேயில் திருப்பிவிடப் பார்க்கும். 1938-க்கும் 1940-க்கும் இடையில் பகுதி பகுதியாகத் திறந்த சாலை அது. அதன் பாலங்களை ஒவ்வொன்றும் ஒரு தினுசாக ஜார்ஜ் டங்கல்பெர்கர் என்பவர் வரைந்திருக்கிறார். பார்க்க அழகானவை. 8 அடிக்கு மேல் உயரமுள்ள வண்டிக்கு அங்கே அனுமதி இல்லை.

நியூயார்க்கைச் சுற்றியுள்ள பார்க்வேக்களிலும் தாழ்ந்த பாலங்கள்தான். லாங் ஐலண்டில் ராபர்ட் மோஸஸ் பாலங்களைத் தாழ்வாக அமைத்ததே, ஏழைகளும் கறுப்பர்களும் பஸ் ஏறிக் கடற்கரைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று ராபர்ட் காரோ 1974-ல் வெளிவந்த 'தி பவர் புரோக்கர்' நூலில் எழுதினார். அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டியவன் மனதில் என்ன இருந்தது என்பது விவாதத்துக்குரியது. பாலத்தின் உயரம் விவாதத்துக்குரியதல்ல.

அடுத்தது புரொபேன். சமையலுக்கும் ஹீட்டருக்குமான கேஸ் தொட்டி வண்டியோடு பொருத்தப்பட்டிருக்கிறது. நியூயார்க்கின் ஹாலண்ட், லிங்கன் சுரங்கப்பாதைகளில் அதோடு நுழையக் கூடாது. பால்டிமோரில் துறைமுகத்துக்கு அடியில் போகும் இரண்டு சுரங்கங்களிலும் கூடாது. அங்கே இத்தகைய வண்டிகளுக்கு மாற்றாக இருந்தது பிரான்ஸிஸ் ஸ்காட் கீ பாலம். 2024 மார்ச் 26 அதிகாலையில் ஒரு சரக்குக் கப்பல் மோதி அது சரிந்தது. பாலத்தின் மேல் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். எல்லோரும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அத்தானுக்காக நான் எழுதிய காகிதத்தில் இது 'பால்டிமோர்: கிழக்குப் பக்கம் பாலம் இல்லை' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிட்டது.

ஆகவே 84-ல் மேற்கே போய் ஹட்ஸனை நியூபர்க்கில் கடப்பது. ஸ்க்ரான்டனில் 81-ஐப் பிடித்து அப்பலேச்சியன் மலைகளை ஒட்டியே இறங்குவது. வர்ஜீனியாவின் தென்கோடியில் 77-க்கு மாறி, கொலம்பியாவில் 26-ஐ எடுத்து, தென் கரோலினாவில் மறுபடி 95-க்கு வந்து சேர்வது. சுமார் 100 மைல் கூடுதல். லாரிக்காரர்களுக்கென்று ராண்ட் மக்னலி போடும் அட்லஸை விரித்துவைத்து இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். ஒரு கட்டத்தில் எண்களே பேச ஆரம்பித்துவிட்டன. ஒற்றைப்படைச் சாலை வடக்கு தெற்கு, இரட்டைப்படை கிழக்கு மேற்கு. மூன்று இலக்க எண்ணில் முதல் இலக்கம் இரட்டைப்படையானால் அநேகமாக ஊரைச் சுற்றும், ஒற்றைப்படையானால் ஊருக்குள் போய் முடியும். விதிவிலக்குகள் உண்டு. இலக்கணம் என்றால் இருக்கத்தானே செய்யும்.

இரண்டாம் இரவு அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். "ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துல கேஸோட போகலாம்லா?" என்றாள். போகலாம், மேல்தளத்தில். அன்று காலைதான் அதைப் படித்திருந்தேன். அத்தான் நிமிரவில்லை. "நெரிசல்ல யாரு மாட்டிக்கிடதுக்கு?" என்றார். நானும், "ஆமாக்கா, சுத்திப் போறதுதான் நல்லது" என்றேன். அவள் போய்விட்டாள்.

அவர்களுடைய மகன் நியூயார்க்கில் இருக்கிறான். வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம். 2021-க்குப் பிறகு அத்தான் அவனோடு பேசியதில்லை. அவன் யாரோடு வாழ்கிறான் என்பது அவருக்கு ஒப்பவில்லை. அதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மையானவை. பாலங்களின் உயரம் உண்மை, சுரங்க விதிகள் உண்மை. இந்த முறை எனக்குப் பழக்கமானதுதான். ஒரு நண்பரின் நாவலுக்கு முன்பு ஒன்பது பக்கம் மதிப்புரை எழுதினேன். நடை, வடிவம், காலக் குழப்பம் என்று நான் காட்டிய குறைகள் எல்லாமே அந்த நாவலில் இருந்தன. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதில் வரும் தகப்பன். அவனைப் பற்றி ஒரு வரியும் எழுதாமலே முடித்துவிட்டேன். நண்பர் அதைக் கவனித்தார், கேட்கவில்லை.

81 நிம்மதியான சாலை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நகரங்களைத் தவிர்க்க நினைக்கும் லாரிகள் அத்தனையும் அங்கேதான் ஓடுகின்றன. மேரிலாண்டை 12 மைலில் கடந்துவிடுகிறது, மேற்கு வர்ஜீனியாவை 26 மைலில். பிறகு வர்ஜீனியா மட்டும் முந்நூறு மைலுக்கு மேல் முடிவில்லாமல் நீள்கிறது. இடப்பக்கம் ப்ளூ ரிட்ஜ் மலை கூடவே வந்தது. இதே 81 வடக்கே சிரக்யூஸ் நகரத்தில் கறுப்பர்கள் வாழ்ந்த பகுதியை அழித்து, தூண்கள்மேல் எழுப்பப்பட்ட சாலை. இப்போது அந்த மேம்பாலத்தை அகற்றுகிற வேலை நடக்கிறது. 81 என்ற எண்ணை ஊரைச் சுற்றிப் போகும் சாலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை அத்தானிடம் சொன்னேன். "அப்ப சுத்திப் போறதுதான் சரின்னு அவனுகளுக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். பின்னாலிருந்து அக்கா, "இடிச்சதுக்குப் பொறவு" என்றாள்.

மூன்றாம் நாள் மதியம் ஃபோர்ட் சிஸ்வெல்லில் 77-க்குப் பிரியும் வழியைத் தவறவிட்டோம். தவறு என்னுடையது. மடியில் அட்லஸை வைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிட்டேன். அங்கிருந்து வைத்வில் வரை எட்டு ஒன்பது மைலுக்கு 81-ம் 77-ம் ஒரே சாலையாக ஓடுகின்றன. தலைக்குமேல் பலகை: 81 தெற்கு, 77 வடக்கு. ஒரே தடம், ஒரே திசை. உண்மையில் வண்டி போய்க்கொண்டிருந்தது கிட்டத்தட்ட மேற்கே. அக்கா பலகையை வாய்விட்டுப் படித்தாள். "நாம தெக்க போறமா, வடக்க போறமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு கொஞ்சம் நீண்டது. அத்தான் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வைத்வில்லில் இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியைத் திருப்பினார். 28 அடியைத் திருப்ப அவருக்கு நான்கு தடவை முன்னும் பின்னும் எடுக்கவேண்டியிருந்தது.

பிறகு ஃபேன்ஸி கேப் மலையிறக்கம். 2013 மார்ச் 31 அன்று மூடுபனியில் 95 வண்டிகள் ஒன்றோடொன்று மோதிய இடம். நாங்கள் போன அன்று வானம் துடைத்தாற்போலிருந்தது. ஷார்லட் நகரத்தைச் சுற்ற 485-ஐ எடுத்தோம். சுற்றுச்சாலையிலேயே ஒன்றரை மணி நேரம் நின்றோம். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அட்லஸைப் பார்த்தேன்.

ஜார்ஜியாவில், சவானாவுக்கு அருகே ஒரு முகாமில் கடைசி இரவு தங்கினோம். அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் வெளியே மடக்கு மேஜையில் அட்லஸை விரித்து, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கனெக்டிகட் பக்கத்தை.

"மாப்ளே, அந்தப் பாலத்துல மேல்தளம்னு என்னமோ சொன்னியே. கேஸோட விடுவானா?"

"விடுவான்."

"உயரம்?"

"நமக்குப் போதும்."

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

"டோல் எவ்வளவு ஆகும்னு பாரு" என்றார்.